எடுத்துக்குங்க மாப்ளே

கண்ணு,

நீ கேட்டது நாலே வரி. போன ஞாயிறு கோயமுத்தூரிலிருந்து திரும்பும்போது, அவிநாசி தாண்டியதும் காரை ஓட்டிக்கொண்டே சொன்னாய். "குழிக்குக் கிட்டக்க இருக்கற பந்துதானுங்கப்பா எனக்குப் போக மாட்டேங்குது. உங்களுக்கு மட்டும் எப்புடிப் போகுது? நாலு வரி எழுதிக் குடுங்க, போன்ல வெச்சுக்கறேன்." ரெண்டு வருடமாகக் கோல்ஃப் ஆடும் மகன், பதினாலு மாதத்துக்கு முன்னால் மட்டையைத் தொட்ட அறுபது வயது அப்பனிடம் இப்படிக் கேட்டால் தலைகால் புரியுமா? வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டது. நீ கேட்டதற்கு உண்மையான பதிலைச் சொல்ல வேண்டுமானால் நாலு வரி போதாது. உன்னிடம் மறைத்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வருகிற புதன்கிழமை நீயும் கீர்த்தனாவும் கோயமுத்தூருக்குக் குடி போகிறீர்கள். அவளுக்கு அங்கே கல்லூரியில் வேலை. வீடோ உன் மாமனார் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. நீ தினமும் கம்பெனிக்கு வந்து போவாய், வேலை நாளெல்லாம் என் கண்ணெதிரேதான் இருப்பாய். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போய்விடும். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. எரிச்சலை மறைத்து மறைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது, இனி மறைக்கப் போவதில்லை.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேலைவெட்டிக்கு நடுவே, வயசான பிறகு ஆட வருகிறவர்கள் எல்லோரும் செய்வது ஒரே தப்பு. பயிற்சிக்கென்று போனால் இருப்பதிலேயே பெரிய மட்டையை உருவி, ஒரு கூடைப் பந்தை வானம் பார்க்க விளாசிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பி விடுகிறோம். தூரமாக அடித்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மூன்றடி தூரத்தில் இருக்கும் பந்தைக் குழிக்குள் தள்ளினால் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் நாம் கோட்டை விடுவதெல்லாம் அங்கேதான். அதனால் பயிற்சியைக் குழியிலிருந்து தொடங்கிப் பின்னால் போக வேண்டும். முதலில் ஓரடி, பிறகு ரெண்டடி, பிறகு மூன்றடி. குழிக்குள் பந்து விழும் சத்தம் காதுக்குப் பழகிவிட்டால் கை தானாக அமைதியாகும். நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். யாருக்கும் தெரியாமல், நம் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் ஹாலில்.

அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதற்கு உன் கல்யாணத்திலிருந்து வர வேண்டும். பெண் வீட்டு மாப்பிள்ளைச் சீர் மண்டபத்துக்குள் வந்தது நினைவிருக்கிறதா? பழத்தட்டு, தேங்காய்த்தட்டு, வேட்டி சட்டை எல்லாவற்றுக்கும் பின்னால் ரெண்டு ஆள் தூக்கிக்கொண்டு ஒரு பெரிய பை வந்தது. அதில் பதினாலு மட்டைகள் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. வெள்ளகோவில் பெரியம்மா என் காதருகே வந்து, "ஏஞ்சாமி, இதென்ன களை வெட்டற சாமானா?" என்று கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உன் மாமனார் உன் தோளில் கையைப் போட்டு, "மாப்ளே, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நம்ம ரெண்டு பேரு மட்டுமுங்க" என்றார். நீ தலையாட்டினாய். அந்த நிமிஷம் என் சிரிப்பு நின்றுவிட்டது. புகைப்படத்தில் பார், மற்ற எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பார்கள், நான் பையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதற்குப் பிறகு நம் வீட்டில் ஒரு வார்த்தை குடி வந்தது: "மாமா சொன்னாரு." தோசைக்கு எண்ணெய் கம்மியாக ஊற்ற வேண்டும், மாமா சொன்னாரு. மட்டையைக் குருவிக்குஞ்சைப் பிடிப்பது போலப் பிடிக்க வேண்டும், மாமா சொன்னாரு. காரை இந்தப் பக்கம் போட்டால் வெயில் படாது, அதற்கும் மாமா. ஞாயிறு மத்தியானம் முகமெல்லாம் கருத்து, கண் மட்டும் பளபளக்க வந்து நிற்பாய். எந்தக் குழியில் என்ன நடந்தது, எந்த மரத்தில் பந்து பட்டுத் திரும்பியது என்று உன் அம்மாவுக்குச் சாப்பாட்டு மேஜையில் உப்புக்கல்லை வைத்துக் காட்டுவாய். நான் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்பேன். முப்பது வயது மகனைப் பறிகொடுத்தவன் போல ஒருத்தன் இப்படிப் புழுங்குவானா என்று என்னையே நான் திட்டிக்கொள்வேன். திட்டினால் மட்டும் நிற்கிறதா?

அதில் கொஞ்சம் குற்ற உணர்வும் இருந்தது. நீ சின்னவனாக இருந்தபோது உனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தது உன் அம்மாவைப் பெற்ற அப்புச்சி. சைக்கிள் சொல்லிக்கொடுத்தது டிரைவர். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் ஓடினாய், மூன்று வருடம் தொடர்ந்து ஓடினாய், ஒரு வருடம்கூட நான் வரவில்லை. ஒரு தடவை சாயப்பட்டறையில் கலர் மாறிவிட்டது. இன்னொரு தடவை ஷிப்மென்ட். மூன்றாவது தடவை என்ன காரணம் என்றே நினைவில்லை, அதுதான் உறுத்துகிறது. நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: துணியை ரெண்டு விரலால் தடவி அதன் கனத்தைச் சொல்வது. அதில் நீ கெட்டிக்காரன். ஆனால் அதை நாம் வேலையாகத்தான் செய்தோம், விளையாட்டாக அல்ல. நான் தராத காலை நேரத்தை இன்னொருவர் தருகிறார், நீ ஓடிப்போய் வாங்கிக்கொள்கிறாய். யார் மேல் கோபப்படுவது?

ஒரு நாள் நீ ஊரில் இல்லாதபோது உன் பையைத் திறந்து குட்டையான மட்டையையும் ரெண்டு பந்தையும் எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். ஞாயிறு காலை கட்டிங் ஹாலில் ஒரு ஈ காக்கா கிடையாது. ஒரு பக்கம் பிரஷ் அடித்து உள்ளே பஞ்சு போல இருக்குமே, அந்த ஃப்ளீஸ் துணியில், சரக்கு வாங்கும் பையர் வேண்டாமென்று தள்ளிய ரோல் ஒன்று கிடந்தது. அதைத் தரையில் நீளமாக விரித்தேன். ஒரு டம்ளரைப் படுக்க வைத்துப் பந்தைத் தட்டினேன். போகும்போது சர்ரென்று ஓடியது. அதே வேகத்தில் எதிர்ப்பக்கமிருந்து தட்டினால் பாதியில் நின்றது. முதலில் தரைதான் சரிவு என்று நினைத்தேன். குனிந்து துணியைத் தடவிப் பார்த்தபோதுதான் சிரிப்பு வந்தது. பஞ்சு ஒரு பக்கமாகப் படிந்திருக்கிறது, அவ்வளவுதான். எல்லாப் பீஸையும் ஒரே வாட்டத்தில் வெட்டாவிட்டால் கலர் வேறுவேறாகத் தெரியும் என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். புல்லும் அப்படித்தான். குழியைச் சுற்றியுள்ள பட்டிங் தரையில் நின்று பார்க்கும்போது புல் பளபளவென்று வெளுப்பாகத் தெரிந்தால் அது உன்னை விட்டு விலகும் திசையில் படிந்திருக்கிறது, பந்து ஓடும், மெதுவாகத் தட்டு. கருப்படித்துத் தெரிந்தால் புல்நுனி உன்னைப் பார்த்து நிற்கிறது, பந்து திணறும், கொஞ்சம் கூடத் தட்டு. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உன் மாமாவும் உனக்குச் சொன்னதில்லை என்பதைப் பிறகு பேச்சுக்கொடுத்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு முழுக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

உன் மட்டையைத் திரும்பப் பையில் வைத்துவிட்டு எனக்கென்று ஒன்று வாங்கி கம்பெனியில் ஒளித்துவைத்தேன். மூன்றாவது வாரம் நம் கட்டிங் மாஸ்டர் ஜெபராஜ் சர்ச் முடிந்து, மறந்துவிட்டுப் போன டிபன் கேரியரை எடுக்க வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடமாக நம்மோடு இருக்கிறவர், என்னை இந்தக் கோலத்தில் பார்த்ததில்லை. வாசலிலேயே நின்று பத்துப் பந்து பார்த்தார். பிறகு, "மொதலாளி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டியளே?" என்றார். சொல்லுங்கள் என்றேன். "தட்டுததுக்கு முன்னயே தலையத் தூக்கிருதிய. பந்து எங்கன ஓடிரப் போவுது? விழுந்த சத்தம் கேட்ட பொறவு பாத்தாப் போதும்லா." அவர் கோல்ஃப் என்ற சொல்லையே அன்றுதான் கேட்டிருப்பார். ஆனால் கத்தி ஓடும்போது கண்ணை எடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்த மனுஷர். அவர் சொன்ன மாதிரி, பந்து இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு, சத்தம் கேட்ட பிறகு தலையை நிமிர்த்தினேன். பத்துக்கு நாலு போய்க்கொண்டிருந்தது ஏழாயிற்று. யார் என்ன சொன்னாலும் இதைவிட எளிதான வழி கிடையாது.

சின்னத் தூரத்துக்குத் தூக்கிப்போடும் அடியைத் தோட்டத்தில் பழகினேன். பத்தடி தள்ளி ஒரு அன்னக்கூடையை வைத்து, அதற்குள் பந்து விழும்வரை அடிப்பேன், விழுந்ததும் இன்னும் அஞ்சடி தள்ளி வைப்பேன். மணிக்கட்டை ஆட்டாமல், கால் ரெண்டையும் சேர்த்து வைத்து, முதுகை ஒடிக்காமல் செய்தால் போதும். உன் அம்மா கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தாள். "ஏனுங்க, பையன் அவிய மாமனோட வெளையாடறான்னா, உங்களுக்கு எதுக்குங்க இந்த வயசுல பந்து பொறுக்கற வேல?" என்றாள். உடம்புக்கு நல்லது என்றேன். "உடம்புக்குன்னா நடந்துட்டு வரலாமுல்லங்க" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குத் தெரியாமல் நான் என்ன செய்துவிட முடியும்?

பிறகு கோயமுத்தூர் போய் ஒரு பயிற்சியாளரிடம் ஆறு வாரம் வேலை நாளில் கற்றுக்கொண்டேன், பையர் மீட்டிங் என்று உன்னிடம் சொல்லிவிட்டு. அவர் முதல் நாளே என் கோளாறைப் பிடித்துவிட்டார்: "நீங்க திருப்பூருங்களா? ஏதோ லாரி கெளம்பற மாதிரியே அடிக்கறீங்க." நம் ஊர்க்காரர்களுக்கே உள்ள அவசரம் அது. கையில் உள்ள மட்டையைவிட ஒரு அளவு பெரிய மட்டையை எடுத்துக்கொண்டு, பாதி வேகத்தில் வீசச் சொன்னார். பின்னால் தூக்கும்போது மெதுவாக, அங்கே ஒரு மூச்சு நின்று, பிறகு இறக்கு. மரத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டால் சந்தில் புகுத்திப் பேர் வாங்க நினைக்காதே, பக்கவாட்டில் தட்டி வெளியே வந்துவிடு, ஒரு அடிதான் நஷ்டம். உனக்கு இந்த ரெண்டாவது புத்தி இன்னும் வரவில்லை. அந்தச் சந்தில் புகுத்தும் ஆசை உன் மாமாவிடமிருந்து வந்தது, என்னிடமிருந்து அல்ல என்று சொல்லிக்கொள்கிறேன்.

நானும் வருகிறேன் என்று சொன்ன ஞாயிறு, உன் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது. உன் மாமனாரும், "வாங்க சம்மந்தி, வாங்க, இத்தன நாளு எங்கீங்க ஒளிஞ்சிருந்தீங்க?" என்று என் பையைத் தானே வாங்கிக்கொண்டார். அவர் நல்லவர் என்பதுதான் என் முதல் கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபம். அன்றுதான் அந்த வார்த்தையைக் கேட்டேன். உன் பந்து குழிக்கு ரெண்டடியில் நின்றது. நீ மட்டையோடு போய் நிற்பதற்குள் அவர், "எடுத்துக்குங்க மாப்ளே" என்றார். நீ குனிந்து பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாய். தோழமை ஆட்டத்தில் அப்படி விட்டுக்கொடுப்பது உண்டு, எப்படியும் போய்விடும் பந்து என்று எதிராளி சொன்னால் போனதாகக் கணக்கு. அடுத்து அவர் பந்து மூன்றடியில் நின்றது. நீ, "நீங்களும் எடுத்துக்குங்க மாமா" என்றாய். அடுத்தது நாலடி. எடுத்துக்குங்க. பந்தியில் ரெண்டு பேர் மாறிமாறி உபசரித்துக்கொள்வது போல ஏறக்குறையப் பதினெட்டுக் குழியும் நடந்தது. நம் பக்கத்து மரியாதை அது, யாரையும் ஒரு சின்ன விஷயத்துக்காக எல்லோர் முன்னாலும் தோற்க விடமாட்டோம். ஆனால் அந்த மரியாதையால் அதுவரை நீ ஒரு மூன்றடிப் பந்தைக்கூடக் குழிக்குள் தள்ளிப் பார்த்ததில்லை. உன்னை நல்ல ஆட்டக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தாய், உன் அடிக்கணக்குக் கார்டில் இருந்த எண்ணில் பாதி அவர் மரியாதை.

நான் உனக்கு அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அன்றைக்கு நாலாவது குழியில் அவர் புதருக்குள் தன் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார். உன் பந்து ரெண்டரை அடி. நீ பாதி குனிந்து என் முகத்தைப் பார்த்தாய். நான் வானத்தைப் பார்த்தேன். நீ நிமிர்ந்து, அடித்து, தவறவிட்டாய். "அப்பா ஸ்ட்ரிக்டுங்க" என்று சிரித்தாய். உன் நல்லதுக்காகத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. அவர் தந்து கெடுப்பதை நான் தராமல் திருத்துகிறேன் என்று நெஞ்சுக்குள் ஒரு மிதப்பு இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். உனக்கு அறிவுரையாக இதைச் சொல்கிறேன்: யார் எடுத்துக்கொள்ளச் சொன்னாலும், நன்றி சொல்லிவிட்டு அடித்துவிட்டே எடு. விட்டுக்கொடுத்தவருக்கும் மரியாதை குறையாது, உன் கைக்கும் பழக்கம் வரும்.

இனி சொல்லப்போவதுதான் நாலு வரியில் அடங்காதது.

ஆறு ஞாயிற்றுக்கு முன்னால் மைதானத்தில் நடந்த போட்டியில் நாம் மூவரும் ஒரே குழுவில் ஆடினோம். ஒவ்வொருவர் அடியும் தனித்தனியாக எண்ணப்படும் போட்டி, அதில் விட்டுக்கொடுக்கும் பேச்சே கிடையாது, எல்லாப் பந்தும் குழிக்குள் விழ வேண்டும். நீ உன் வாழ்க்கையிலேயே நல்ல ஆட்டம் ஆடினாய். பதினாறு குழி முடிந்தபோது உனக்கு முதல் கோப்பை வரப்போகிறது என்று மூவருக்கும் தெரியும், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கீர்த்தனாவுக்குப் போன் பண்ணாதே, முடியட்டும் என்று நானே உன்னிடம் சொன்னேன். பதினேழாவது குழியில் உன் பந்து ஒன்றரை அடியில் வந்து நின்றது. உன் மாமனார் சந்தோஷத்தில், ரெண்டு வருடப் பழக்கத்தில், நாக்கு தானாகப் புரண்டு, "அருமைங்க, எடுத்துக்குங்க மாப்ளே" என்றார். நீயும் பழக்கத்தில் குனிந்து எடுத்துவிட்டாய்.

எனக்கு விதி தெரியும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவன் என்பதால் விதிப் புத்தகத்தை வரி வரியாகப் படித்திருந்தேன். பந்தை எடுத்ததற்கு ஒரு அடி தண்டம், எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்து அடித்துவிட்டால் தீர்ந்தது. அடுத்த குழிக்கு முதல் பந்தை அடித்துவிட்டால் மட்டும் அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது, போட்டியை விட்டே வெளியே. பதினேழிலிருந்து பதினெட்டுக்கு நடக்க நாற்பது தப்படி இருக்கும். நாற்பது தப்படியும் நான் உன் பின்னால்தான் நடந்தேன். ஒரு தடவை வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். மறந்துவிடவில்லை, கண்ணு. பயமும் இல்லை. உன்னைக் கவிழ்க்கப் போவது அவருடைய வார்த்தை, நான் தராத அந்த வார்த்தை. அது உனக்கு ஒரு தடவை நன்றாக உறைக்கட்டும் என்று இருந்தேன். யார் உன்னை ஒழுங்காக வளர்த்தது, யார் செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்று நீ தெரிந்துகொள்வாய் என்று இருந்தேன். நீ பதினெட்டாவது குழிக்குப் பந்தை வைத்து அடித்தாய். அழகான அடி, நேராகப் போனது. நான் கை தட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். உன் மாமனாருக்கு அடுத்த நொடியிலேயே சுரீரென்று உறைத்தது. ஆட்டம் முடிந்ததும் அவரே கமிட்டிக்காரர்களிடம் போய், தப்பு என்னுடையது, நான்தான் எடுக்கச் சொன்னேன் என்றார். விதி விதிதான், உன் கார்டில் குறுக்கே கோடு போட்டார்கள். "எனக்குத் தெரிஞ்சிருக்கோணுமுங்க, நான்தானுங்க எடுத்தேன்" என்று நீ அவருக்குச் சமாதானம் சொன்னாய். காரில் வரும்போது என்னிடம், "இவ்வளவு முட்டாளா இருந்திருக்கேனே" என்றாய். போனால் போகிறது என்று உன் தோளைத் தட்டினேன். அந்தக் கையை என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் முழங்கால் வலி என்று வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. இப்படி ஐந்து ஞாயிறு ஆயிற்று, நீயும் நானும் மட்டும் ஆடினோம். மைதானத்து மெஸ்ஸில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம், வழியில் இளநீருக்கு நிறுத்தினோம், நீ பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயக் கதையை முதன்முதலாக எனக்குச் சொன்னாய். என் அறுபது வயதில் இவ்வளவு நல்ல ஞாயிறுகள் எனக்கு வந்ததில்லை. எப்படி வந்தன என்று தெரிந்துகொண்டே அனுபவித்தேன். ஆனால் ஒவ்வொரு வாரமும் குழியருகே வந்ததும் நீ தயங்குவதையும் பார்த்தேன். ஒன்றரை அடிப் பந்துக்குக்கூட மூன்று தடவை குனிந்து நிமிர்கிறாய். போன ஞாயிறு ரெண்டடியில் ஒன்றைத் தவறவிட்டுவிட்டு உன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாய். அன்றைக்குத்தான் காரில் நாலு வரி கேட்டாய். உன் கையில் ஒரு கோளாறும் இல்லை. நீ முட்டாளும் இல்லை. உன் பக்கத்தில், தெரிந்தே வாயை மூடிக்கொண்டு, ஒருத்தன் நடந்து வந்தான். அதைச் சொல்லாமல் உனக்குத் தலையைத் தூக்காதே, புல்லைப் பார் என்று எழுதிக்கொடுத்து என்ன பிரயோஜனம்?

நேற்று உன்னிடம் காதர்பேட்டைக் கடைவீதிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கோயமுத்தூர் போனேன். உன் மாமனார் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், முழங்காலை மடக்கிக் குனிந்துதான் நின்றார். உள்ளே அழைத்துப்போய் உட்கார வைத்தார். காபி வருவதற்குள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், நாற்பது தப்படியையும் சொன்னேன். அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு சொன்னார்: "தெரியுமுங்க சம்மந்தி."

என்ன தெரியும் என்று கேட்டேன்.

"மாப்ள அடிச்சதும் எனக்கு உறைச்சுதுங்க. உடனே உங்க மொகத்தத்தான் பாத்தேன். உங்களுக்கு முன்னயே தெரியுமுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சுங்க."

பிறகு ஏன் கமிட்டியில் அத்தனை பேர் முன்னால் பழியைத் தனியாகத் தலையில் போட்டுக்கொண்டீர்கள் என்றேன்.

"நான் சொன்ன வார்த்ததானுங்களே அது. அப்புறமுங்க, மாமன் தப்புப் பண்ணுனா மாப்ள ரெண்டு நாளுல மறந்துருவாருங்க. அப்பன் பண்ணுனாருன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாருங்க." வந்த காபி டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "ஞாயித்துக்கெழம நீங்க ரெண்டு பேரும் ஆடுங்க. நான் ரெண்டு வருஷம் ஆடிட்டேனுங்க, போதும். மாப்ளகிட்ட மட்டும் இதச் சொல்லிப்போடாதீங்க" என்றார்.

திரும்பி வரும் வழி முழுக்க எனக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது. நெகிழ்ச்சி என்று எழுதினால் அழகாக இருக்கும். பொறாமைதான். அவர் உனக்குக் காலை நேரத்தைத் தந்தார், மட்டை தந்தார், அதற்கெல்லாம் பட்ட பொறாமை ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. உன் அப்பாவை உன் கண்ணில் நல்லவராகவே வைத்திருக்க வேண்டும் என்று அந்த மனுஷர் ஐந்து வாரமாகத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார். அப்படி ஒரு காரியத்தை உனக்காக நான் செய்திருக்க வேண்டும். அதையும் அவரே செய்துவிட்டார்.

சொல்லாதே என்று அவர் சொன்னதால்தான் சொல்கிறேன். அவர் பொத்திவைத்திருக்கும் தயவில் உன் முன்னால் நல்ல அப்பாவாக நின்றுகொண்டிருக்க என்னால் ஆகாது, அந்த அளவுக்கு நான் பெருந்தன்மைக்காரன் இல்லை. கோபம் வந்தால் கோபப்படு. எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, கம்பெனியில் வேலை விஷயம் மட்டும் பேசு, நான் கேள்வி கேட்க மாட்டேன். ஆனால் குடி போன பிறகு வரும் முதல் ஞாயிறு விடிந்ததும் நாலு தெரு நடந்து போய் அவர் வாசலில் நில். முழங்கால் வலி என்பார். நம்பாதே, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போ. அவரோடு ஆடு.

நான் இனிமேல் மைதானத்துப் பக்கம் வர மாட்டேன் என்று இந்தக் கடிதத்தின் கடைசி வரியாக எழுத நினைத்திருந்தேன். நாலு தடவை எழுதிப் பார்த்தேன், நாலு தடவையும் அடித்துவிட்டேன்.

அப்பா